நேற்றே கேட்ட வெடி

ஊசிமேட்டில் வெடிச் சத்தம் கேட்டால் எதைச் சுட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை, நாளைக்கு எதைச் சுடப்போகிறார்கள் என்றுதான் கேட்பார்கள். கேட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் தண்ணீர் காட்டுவார், மாவு ஆட்டிக்கொண்டிருந்தவர் மாவு ஆட்டுவார். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வரும் பெண்கள் முதல் தடவை திடுக்கிட்டுப் போவார்கள், இரண்டாம் தடவை மாமியார் முகத்தைப் பார்ப்பார்கள், மூன்றாம் தடவை அவர்களும் நாளைக்கு என்ன என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள். மலை அங்கேயே இருக்கிறது, காடு மலையோடு இருக்கிறது, சத்தம் ஒருநாள் முந்தி வருகிறது, அவ்வளவுதான்.

இது நாச்சிமுத்து துப்பாக்கி வாங்கப்போன நாளில் ஆரம்பித்தது.

நாச்சிமுத்துவின் மக்காச்சோளக் காடு மலையடிவாரத்தில் கடைசிக் காடு. அதற்கு மேலே முள்ளும் பாறையும், அதற்கும் மேலே காட்டிலாகா எல்லைக்கல், அதற்கும் மேலே பன்றிகள். கதிர் பால்பிடிக்கிற பருவத்தில் பொழுது சாய்ந்ததும் பன்றிகள் குடும்பம் குடும்பமாக இறங்கி வரும். ஒரு கதிரைத் தின்பதற்கு ஒரு பாத்தியையே மடக்கிப் போடும். நாச்சிமுத்து தன் மனைவி தெய்வாத்தாளின் பழைய சேலைகளை எல்லாம் வேலியாகக் கட்டிப் பார்த்தார். பன்றிகள் சேலையை ஒதுக்கிக்கொண்டு கல்யாண வீட்டுக்கு வருவதுபோல் வந்தன. முடிவெட்டும் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக மயிரை வாங்கிவந்து வரப்பில் தூவினார். மூக்கில் மயிர் ஏறினால் பன்றி வராது என்று சொல்லியிருந்தார்கள். அறுவடைக்குப் போனபோது மயிர்தான் மிச்சமிருந்தது.

அவருக்குப் பயிர் காக்கும் துப்பாக்கி உரிமம் உண்டு. அப்பன் பெயரிலிருந்து அலைந்து திரிந்து மாற்றி வாங்கியது. ஆனால் அப்பனுடைய துப்பாக்கியின் குழலைத் துரு தின்றுவிட்டது, அதில் மருந்து வைத்தால் பன்றிக்கு முன்னால் நாச்சிமுத்துதான் போவார். ஆகவே கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினார். கையிலிருந்த பணம் புதுசு வாங்கப் போதாது, ஆனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை.

துப்பாக்கிக் கடைக்காரர் கரீம் பாய், எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. எதைச் சுடப்போகிறீர்கள் என்று கேட்டார். பன்னி என்றார் நாச்சிமுத்து. எவ்வளவு தூரத்தில் என்று கேட்டார். வேலியிலிருந்து புளியமரம் வரைக்கும் என்றார் நாச்சிமுத்து. அதற்குள் அவருடைய கண் சுவரில் மாட்டியிருந்த ஒரு ரைபிளின்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. நீளமாக, கறுப்பாக, தேக்குக் கட்டையோடு, ஊர்ப் பெரிய மனுசனைப்போல் அது சாய்ந்திருந்தது. யாரோ ஒரு தோட்ட முதலாளியின் வாரிசுகள் விற்றுவிட்டுப் போனது, கையிருப்பைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் எட்டிவிடும் விலை.

"அது எடுங்க பாய், பாக்கலாம்."

"எடுக்கறேனுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு. பின்னாடி என்ன இருக்குங்க?"

"ஆருக்குப் பின்னாடி?"

"பன்னிக்குப் பின்னாடி. நீங்க வேலியில நிக்கறீங்க, பன்னி புளியமரத்துக்கிட்ட நிக்குது. அதுக்கு அக்கட்டால என்ன இருக்கு?"

நாச்சிமுத்து யோசித்தார். "என்ற மச்சினன் காடு. ஆறுச்சாமின்னு. என்ற ஊட்டுக்காரிக்குத் தம்பி."

"அதுக்கும் அக்கட்டால?"

"ஊரு."

கரீம் பாய் ரைபிளை எடுக்கவே இல்லை. "அப்ப ரைபிள் வேண்டாமுங்க. ரைபிள் குண்டு பன்னியோட நிக்காது. பன்னிக்குள்ள பூந்து மச்சினன் காட்டைத் தாண்டி ஊருக்குப் போயி விலாசம் விசாரிக்கும். சுடறவன் முன்னாடி நிக்கறதப் பாப்பான், துப்பாக்கி வாங்கறவன் பின்னாடி இருக்கறதப் பாக்கோணும்."

அவர் உள்ளே போய் ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். பழசு, ஆனால் அழகாகப் பழசானது. நடுவில் மடக்கித் திறந்து, குழலை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, "பாருங்க" என்றார். நாச்சிமுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். உள்ளே வெளிச்சம் வட்டம் வட்டமாக, ஒரு கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல், கடைசி வட்டம்வரை சுத்தமாக இறங்கிப் போயிற்று. துருப்புள்ளி ஒன்றுகூட இல்லை. மூடி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார், மூட்டில் ஆட்டமில்லை. தோளில் வைத்தார்; கட்டை கன்னத்தில் தானாக வந்து படிந்தது. விசையை இழுத்தார், முரண்டும் பிடிக்கவில்லை, தொட்டதற்கெல்லாம் துள்ளவும் இல்லை.

"ஒத்தைக் குழல்தானுங்களே?"

"அதுதாங்க நல்லது. ரெண்டாவது தோட்டா இருக்குதுன்னு தெரிஞ்சவன் மொதல் தோட்டாவ அசட்டையாச் சுடுவான்."

"குறி தப்புமா?"

"தப்பாது."

"மழையில சிக்குமா?"

"சிக்காது. சொன்னாச் சொன்னபடி வெடிக்கும். ஒரே ஒரு கொறை இருக்கு, மறைக்கப்படாது. சத்தம் முந்திக்கும்."

"எப்படிங்க?"

"நாளைக்குப் பொழுதோட நீங்க சுடறீங்கன்னா, இன்னிக்குப் பொழுதோடயே அந்த எடத்துல சத்தம் கேட்டுரும். நாளைக்குச் சுடறப்ப சத்தம் இருக்காது. பொகை வரும், தோள் உதைக்கும், குண்டு போகும், சத்தம் மட்டும் முந்தின நாளே வந்துட்டுப் போயிருக்கும். மத்தபடி இது இன்னிவரைக்கும் பொய் சொன்னதில்ல. கேட்டுதுன்னா வெடிச்சே தீரும்."

நாச்சிமுத்து இதைக் கொஞ்ச நேரம் மனதில் உருட்டிப் பார்த்தார். கறவை மாடு வாங்கும்போது உதைக்குமா என்று கேட்பதைப்போல, உதைத்தால் விலையில் எவ்வளவு குறைப்பாய் என்று கேட்பதைப்போல, அந்தக் குறையைச் சொல்லியே விலையைக் குறைத்து, துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் ஏறி ஊர் வந்து சேர்ந்தார்.

மறுநாள் பொழுது சாயும் வேளையில் அவர் மாட்டுச்சாளையில் உட்கார்ந்து குழலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, புளியமரத்துப் பக்கம் டமார் என்றது. காக்கைகள் எழுந்து கத்தின. தெய்வாத்தாள் கையில் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"ஏனுங்க, ஆரு வெடி போட்டது?"

"நாந்தான்."

"நீங்க இங்கயல்ல உக்காந்திருக்கறீங்க?"

"நாளைக்கு."

தெய்வாத்தாள் அவரைப் பார்த்தாள், துப்பாக்கியைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். "அப்ப நாளைக்குப் பொழுதோட நீங்க ஊட்ல இருக்கமாட்டீங்க. சரி, பால் பீச்சறதுக்கு நான் இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அதே வேளையில் அதே புளியமரத்தடியில் ஒரு பன்றி நின்றது. நாச்சிமுத்து சுட்டார். தோள் உதைத்தது, புகை வந்தது, பன்றி சாய்ந்தது, கொடுக்காப்புளி மரத்தில் இருந்த மைனா தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு அமைதியாக ஒரு சாவை நாச்சிமுத்து பார்த்ததே இல்லை. 

ஊர் அந்தத் துப்பாக்கியைப் பழகிக்கொண்டது. கோழிகள் முதலில் பழகிக்கொண்டன. சத்தம் கேட்டதும் ஓடுவதை விட்டுவிட்டு, மறுநாள் அந்தப் பக்கம் மேயப் போகாமல் இருந்துகொண்டன. காட்டிலாகாக் காவலர் ஒருவர் வந்து, "நேத்து வெடிச் சத்தம் கேட்டுதே, ஆரு சுட்டது?" என்று அதட்டினார். "நேத்து நான் சுடவே இல்லீங்க" என்றார் நாச்சிமுத்து. அது சத்தியமான வார்த்தை. மூன்றாம் தடவையிலிருந்து காவலரும் சத்தம் கேட்டால் மறுநாள் வர ஆரம்பித்தார். மாரியம்மன் நோன்பு சாட்டியபோது கோவில்காரர்கள் வந்து, தீச்சட்டிப் பூவோடு எடுக்கிற அன்றைக்கு மட்டும் சத்தம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். "அப்படின்னா நான் அதுக்கு மறுநாள் சுடாம இருக்கோணும்" என்றார் நாச்சிமுத்து. "இருங்க" என்றார்கள். இருந்தார், சத்தம் வரவில்லை. அப்படியானால் சுடாமல் இருக்கிறதால் சத்தம் வரவில்லையா, சத்தம் வராததால் சுடாமல் இருந்தாரா என்று டீக்கடையில் ஒரு விவாதம் கிளம்பி, மார்கழி முழுக்க நடந்து, டீத்தூள் தீர்ந்ததே தவிர விவாதம் தீரவில்லை.

நடுவில் ஒரு தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது சட்டம். நாச்சிமுத்துவின் துப்பாக்கியும் ஸ்டேஷனில் பூட்டுக்குள் போயிற்று. ஊர் வெறிச்சென்று ஆகிவிட்டது. அப்போது ஒருநாள் பொழுதோடு, கீழ்க்காட்டுத் தடத்தில் டமார் என்றது. "ஆகா, இந்தத் தடவ துப்பாக்கி பொய் சொல்லிருச்சு" என்று டீக்கடை குதித்தது. மறுநாள் காலையில் ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா போன் பண்ணினார்: தேர்தல் முடிந்துவிட்டது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள். நாச்சிமுத்து போய்த் துப்பாக்கியையும் தோட்டாவையும் எடுத்துக்கொண்டு, எதையும் சுடுவதில்லை என்ற வைராக்கியத்தோடு, பொழுது சாயும் வேளையில் பஸ் இறங்கி, கீழ்க்காட்டுத் தடத்தில் நடந்து வந்தார். தடத்தின் நடுவில் ஒரு தாய்ப்பன்றி குட்டிகளோடு நின்று, அவரைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தது. தோட்டாவைப் போட்டதும் அதன் காலடி மண்ணில் சுட்டதும், பன்றி மிரண்டு திரும்பி ஓடியதும் எல்லாம் முடிந்து, புகை மூக்கில் ஏறிய பிறகுதான் நேற்றைய சத்தம் அவருக்கு ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து ஊரில் யாரும் அந்தத் துப்பாக்கியைச் சந்தேகப்படவில்லை. நம்பகமான துப்பாக்கி என்று கரீம் பாய் சொன்னது சரிதான் என்று நாச்சிமுத்து சொல்லிக்கொண்டார்.

பன்றிகளும் அதைச் சந்தேகப்படவில்லை. பன்றி மனுசனைவிடக் கெட்டி. நாச்சிமுத்து காட்டில் சத்தம் கேட்டால் மறுநாள் அங்கே போகக்கூடாது என்று அவை கற்றுக்கொண்டன. ஆள் வரமாட்டான் என்று தெரிந்த காட்டுக்குத் தள்ளிப் போயின. அப்படித் தள்ளிப் போன காடு ஆறுச்சாமியுடையது.

ஆறுச்சாமிக்கு உரிமமும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. ஒரே பருவத்தில் அவனுடைய சோளக்காடு உருண்டு புரண்ட பாயாகக் கிடந்தது. அவன் அக்காள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மாமா, உங்க துப்பாக்கி பன்னியக் கொல்றதில்ல, என்ற காட்டுக்கு ஓட்டிவுடுது."

நாச்சிமுத்து அப்போது நல்ல விளைச்சலில் இருந்தார். நல்ல விளைச்சலில் இருக்கிறவன் வாயில் நல்ல வார்த்தை வருவது அபூர்வம். "நீயும் ஒண்ணு வாங்கிக்கோ மாப்ள. எங்கிட்ட வந்து அழுதா?" என்றார்.

ஆறுச்சாமி திரும்பிப் போனான். அவர்கள் இருவருக்கும் ஒரே கிணறு, தெய்வாத்தாளின் அப்பன் பாறையை வெட்டி இறக்கியது. தண்ணீருக்கு முறை உண்டு. முறை மாறுகிற நாளில் பொழுது சாயும்போது, முறை முடிந்தவன் மோட்டார் ரூமைப் பூட்டி, சாவியை அடுத்தவன் உள்ளங்கையில் வைக்கவேண்டும். "புடிச்சுக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அந்தப் பேச்சுக்குப் பிறகு ஆறுச்சாமி சாவியைக் கையில் கொடுப்பதை நிறுத்தி, துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தான். நாச்சிமுத்துவும் அப்படியே செய்தார். பிறகு ஒரு முறை ஆறுச்சாமி சாவியை வைக்கவே நேரமாக்கினான். நாச்சிமுத்துவின் மிளகாய் நாற்று தண்ணீரில்லாமல் தலை சாய்ந்தது. நாச்சிமுத்து ஊர் கேட்கச் சத்தம் போட்டார். ஆறுச்சாமி திரும்பிப் பார்க்காமல் நடந்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் தெய்வாத்தாள் மட்டும், கிண்ணத்தில் குழம்பை மூடிக்கொண்டு, போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான், முறை மாறுவதற்கு முந்தின நாள் பொழுது சாயும் வேளையில், கிணற்றடியில் வெடிச் சத்தம் கேட்டது.

ஊர் கையிலிருந்த வேலையை அப்படியே விட்டது. கிணற்றடியில் பன்றி வராது. கிணற்றடியில் நாளைக்கு, இதே வேளையில், இரண்டே பேர்தான் இருப்பார்கள். இதைவிட மோசம் என்னவென்றால், சத்தம் ஒன்றல்ல, இரண்டு. முதலில் எல்லோரும் அறிந்த டமார். அது ஓய்வதற்குள் அதன் குதிகாலை மிதித்துக்கொண்டு இன்னொன்று. ஆழமாக, நீளமாக, பூமிக்கு அடியில் எதையோ இழுத்துக்கொண்டு போவதுபோல்.

"ஒத்தைக் குழலுல்ல? அதுக்குள்ள எப்படி மறு தோட்டாப் போடறது?" என்றது டீக்கடை. போட முடியாது. மடக்கித் திறந்து, காலிக் குப்பியை எடுத்து, வேறு போட்டு மூடவேண்டும். அப்படியானால் அங்கே நாளைக்கு இரண்டு துப்பாக்கிகள் இருக்கும். நாச்சிமுத்து வாசலில் வைத்துச் சொன்ன வார்த்தை அப்போது ஊரில் எல்லோருக்கும் ஒன்றாக ஞாபகம் வந்தது. நீயும் ஒண்ணு வாங்கிக்கோ.

தெய்வாத்தாள் அடுப்பை அணைத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அவங்கிட்டத் துப்பாக்கி இல்லீங்க. ஊட்டையே தொறந்து உட்டு, தேடிப் பாத்துக்க அக்கான்னு சொல்றான்."

"கள்ளத் துப்பாக்கிய ஊட்லயா வெப்பான்?" என்றார் நாச்சிமுத்து.

"அவன் அப்படிப்பட்டவனுங்களா?"

"உனக்குத் தம்பி. நீ நம்பித்தான் ஆகோணும்."

தெய்வாத்தாள் அழவில்லை. "ரெண்டு சத்தம் கேட்டுதுங்க. ஒண்ணு என்ற புருசனுக்கு, ஒண்ணு என்ற தம்பிக்கு. எனக்குன்னு மூணாவது ஒண்ணு கேக்கலியேன்னு இருக்குது" என்றாள்.

மறுநாள் காலையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கிணற்றுக்குப் போகாதே என்றார்கள். ஸ்டேஷனில் பூட்டியிருந்த துப்பாக்கி கீழ்க்காட்டுத் தடத்துக்கு எப்படி வந்தது என்பதை அவர்களே ஞாபகப்படுத்திக்கொண்டு, சரி போ என்றார்கள். துப்பாக்கியை உடைத்துப் போடு என்றார்கள். உடைத்தால் ஆறுச்சாமியுடையது மட்டும் மிச்சமிருக்குமே என்று அவர்களே சொல்லிக்கொண்டு, உடைக்காதே என்றார்கள். கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் நாச்சிமுத்து துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடக்கி, குழலைச் சன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து எட்டிப் பார்த்தார். வட்டம் வட்டமாக வெளிச்சம் இறங்கிப் போயிற்று. ஒரு சின்ன விஷயம் அப்போது அவருக்கு மெதுவாகப் புரிந்தது. சின்ன விஷயங்கள் நேரம் கழித்துத்தான் புரியும். சத்தம் எங்கே சுடுகிறோமோ அங்கேதான் கேட்கிறது. ஆறுச்சாமி வாசலில் வந்து நின்ற அன்றைக்கு, வா மாப்ள, வாரத்தில் பாதி நாள் உன் காட்டில் வந்து நிற்கிறேன் என்று சொல்லியிருந்தால், அங்கேயும் சத்தம் கேட்டிருக்கும், அங்கேயும் பன்றி ஒதுங்கியிருக்கும். அதற்குக் காசு வேண்டியதில்லை, உரிமம் வேண்டியதில்லை, நாலு எட்டு நடந்தால் போதும். தன் காட்டைத் தாண்டி அந்தத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போக அவருக்குத் தோன்றவே இல்லை.

புரிந்தது என்பதற்காகப் பயம் போய்விடவில்லை. தெய்வாத்தாள் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க வெடிக்கும்னு தெரியும். எப்ப வெடிக்கும்னு தெரியும். எதப் பாத்து வெடிக்கும்னு மட்டும் அது சொல்லல. அந்த ஒண்ணு உங்க கையிலதானுங்க இருக்குது."

நாச்சிமுத்து ஒரே ஒரு தோட்டாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பொழுது சாயும்போது ஊர் முழுக்க வரப்பில் தள்ளி நின்றது. நாச்சிமுத்து தோட்டா போட்ட துப்பாக்கியோடு கிணற்றடிக்கு வந்தார். மோட்டார் நின்றது. ஆறுச்சாமி மோட்டார் ரூமிலிருந்து வெளியே வந்து பூட்டினான், திரும்பினான். சட்டைக்கு அடியில் இடுப்பில் எதுவோ புடைத்துக்கொண்டிருந்தது. அவனும் துப்பாக்கியைப் பார்த்தான். இருவருக்கும் நடுவில் துவைக்கிற கல் இருந்தது.

ஆறுச்சாமியின் கை இடுப்புக்குப் போயிற்று.

நாச்சிமுத்து துப்பாக்கியைத் தூக்கவேண்டும் என்று நினைக்கவில்லை, ஆனால் கட்டை அவர் கன்னத்தில் வந்து படிந்திருந்தது. விரல் விசையில் இருந்தது. குழலின் நுனியில் ஆறுச்சாமியின் சட்டைப் பொத்தான் தெரிந்தது. அப்போது அவருக்கு யாரோ பக்கத்தில் நின்று கேட்பதுபோல் கேட்டது: பின்னாடி என்ன இருக்குங்க?

அவர் பார்த்தார். ஆறுச்சாமிக்குப் பின்னால் தெய்வாத்தாள் நின்றாள். வரப்பிலிருந்து எப்போது இறங்கி வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. வந்து, தம்பியின் தோளுக்கு மேல் அவளுடைய முகம் தெரிகிற மாதிரி நேராக நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஊர் நின்றது. ஊருக்குப் பின்னால் ஊர்க் கூரைகளும் கோவில் கோபுரமும் டீக்கடைப் புகையும் நின்றன. அந்த ஒரு குழலுக்கு நேராக அவருக்குச் சொந்தமான எல்லாமே வரிசையாக நின்றது.

ஆறுச்சாமி இடுப்பிலிருந்து கையை எடுத்தான். துண்டில் முடிந்திருந்த சாவி. வழக்கப்படி அதைக் கல்லின்மேல் வைத்தான்.

நாச்சிமுத்து குழலைத் தாழ்த்தினார். துப்பாக்கியைத் திருப்பி, கட்டைப் பக்கத்தை மச்சினனிடம் நீட்டினார்.

"புடி மாப்ள."

ஆறுச்சாமி பின்வாங்கினான். "மருந்து இருக்குதா?"

"இருக்குது. வெடிக்கப்போறது வெடிக்கட்டும். உன்ற கையில வெடிக்கட்டும்." பிறகு, "அன்னிக்கே உன்ற காட்டுல வந்து நின்னு சுட்டிருக்கோணும். நாலு எட்டு நடக்கத் துப்பில்லாம வாயத் தொறந்துட்டேன்" என்றார்.

ஆறுச்சாமி வாங்கிக்கொண்டான். அவன் வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. அது அவன் கையில் குழந்தையைப்போல் புரண்டது. குழல் ஒரு சுற்றுச் சுற்றி நாச்சிமுத்துவின் வயிற்றைத் தாண்டிப் போனபோது ஊர் மூச்சை இழுத்துக்கொண்டது. நாச்சிமுத்து நகரவில்லை.

"எதப் பாத்துங்க சுடறது?"

"பின்னாடி ஒண்ணுமில்லாத எடமாப் பாத்து."

ஆறுச்சாமி மலைப்பக்கம் திருப்பினான். மாடுகள் இறங்கி வந்துகொண்டிருந்தன. ரோட்டுப் பக்கம் திருப்பினான். பஸ் வருகிற நேரம். வானத்துக்குத் தூக்கினான், தென்னையில் கிளிகள் அடைந்துகொண்டிருந்தன. அவ்வளவு பெரிய உலகத்தில், சும்மா இருக்கிற இடம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் கிணற்று மேட்டில் ஏறி, குழலைக் கீழே காட்டினான்.

"இதுக்குப் பின்னாடி?"

"தண்ணி."

"அதுக்கும் பின்னாடி?"

"உங்கப்பன் வெட்டுன பாறை. அது தாங்கும்."

ஆறுச்சாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை இழுத்தான். சத்தமே இல்லை. கட்டை தோளை உதைத்து அவனை உட்காரவைத்தது. கிணற்றின் வாயிலிருந்து புகை எழுந்தது. கீழே தண்ணீர் வட்டம் வட்டமாக விரிந்து சுவரைத் தொட்டது. ஊர் அசையவில்லை. இரண்டாவது இன்னும் பாக்கி இருந்தது. யார் கையில், எங்கிருந்து என்று ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள்.

ஆறுச்சாமிக்கு வெடித்ததா இல்லையா என்றே தெரியவில்லை. எழுந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, பல மாதமாகக் கூப்பிடாத உறவைச் சொல்லி, உரக்கக் கேட்டான்:

"மாமா, வெடிச்சுதா?"

கிணறு அவனுடைய குரலை வாங்கிக்கொண்டு, பாறைக்குப் பாறை தட்டி, ஆழமாக, நீளமாக, பூமிக்கு அடியில் எதையோ இழுத்துக்கொண்டு போவதுபோல், மாமா வெடிச்சுதா என்று திருப்பிக் கேட்டது.

நேற்றுக் கேட்ட இரண்டாவது சத்தம், முதல் வெடியைத் திருப்பிச் சொன்ன கிணற்றின் குரல் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. வரப்பில் ஒருவர் சிரித்தார், இன்னொருவர் சிரித்தார், டீக்கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடையைத் திறக்க ஓடினார். தெய்வாத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்து, நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அழுதாள்.

ஆறுச்சாமி துப்பாக்கியை மடக்கத் தெரியாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தான். துவைக்கிற கல்லண்டை போய்ச் சாவியை எடுத்து, அதை நாச்சிமுத்துவின் உள்ளங்கையில் வைத்தான்.

"புடிச்சுக்கோங்க மாமா. தண்ணி கலங்கிக் கிடக்குது, செத்த நேரம் பொறுத்து மோட்டாரப் போடுங்க."